இருளப்பன் மாமாவின் பட்டையும் மாடியில் ஒரு பல்லியும்

"ஏழாம் நம்பர் மின்கம்பத்தில் நெடுங்காலமாகக் குடியிருந்த திருவாளர் காகம் அவர்கள், குடும்பத்துடன் எட்டாம் நம்பர் கம்பத்துக்கு இடம் மாறிவிட்டார் என்பதைத் தெருவாசிகள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பழைய முகவரிக்கு வடை அனுப்ப வேண்டாம்."

அன்று சாயங்காலம் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவிப்பு இது. ஐந்து நிமிஷத்தில் நிறையப் பேர் சிரித்துவிட்டார்கள். நான் ஒருவருடைய பதிலுக்காக மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லைன்மேன் இருளப்பன் மாமா கண்டிப்பாக ஏதாவது எழுதுவார். "கனெக்‌ஷன் மாத்தணும்னா காக்காயை மனு எழுதிக் குடுக்கச் சொல்லுடே" என்கிற மாதிரி ஏதாவது.

பதிலுக்குப் பதிலாகப் போன் அடித்தது. பாண்டி அண்ணன். கம்பத்தில் மாமா ஏறினால் கம்பத்தடியில் நிற்கிற ஹெல்பர்.

"சீனி, மாமா போயிட்டாவ டே."

"எங்க போயிட்டாவ?"

"செத்துப் போயிட்டாவ டே."

"நல்லா இருக்குண்ணே. இன்னும் செத்த அழுத மாதிரி சொல்லுங்க."

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் கேட்டது. பாண்டி அண்ணனுக்கு நடிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

லைன் வேலைக்கான சாமான் வாங்க மாமா அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார். வேலை முடிந்து ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் கேட்டு வரும்போது தூங்குகிற மாதிரி பாவனை செய்து கண்டக்டரை வெறுப்பேற்றுவது அவருடைய நெடுநாள் வழக்கம். அன்று டிக்கெட்டை ஒழுங்காக வாங்கிவிட்டு, வன்னியம்பட்டி விலக்கு தாண்டிய பிறகு கண்ணை மூடியிருக்கிறார். ராஜபாளையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. "அண்ணே, ஸ்டாண்டு வந்துருச்சு, நடிப்பு போதும்" என்று கண்டக்டர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். மடியில் ஒரு துணிப்பை இருந்ததாம்.

குழுவில் நான் செய்தியைப் போட்டேன். காக்கைக்கு நேர் கீழே. அதற்கும் ஆறு பேர் சிரித்தார்கள். டெய்லர் மாமா எழுதினார்: "ஏலே, காக்காய்க்குப் பொறவு இருளப்பனா? வெளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா?" நான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வாசலிலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் வார்த்தைக்கு எங்கள் தெருவில் என்ன மதிப்பு என்று அன்று வாசல் வாசலாகத் தெரிந்துகொண்டேன்.

பதினாறாம் நாளுக்கு அவருடைய மின்வாரிய செக்‌ஷன் நண்பர்கள் ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "நீயும் எழுதுடே, ஒன் கிறுக்கலப் படிச்சிட்டு அவிய ஒருத்தருதான் வாய்விட்டுச் சிரிப்பாவ" என்றார் மாமாவின் மனைவி ராக்கு அத்தை. அதனால் எழுதுகிறேன். ஆனால் அத்தைக்கும் செக்‌ஷன்காரர்களுக்கும் தெரியாத ஒன்றை இதில் சொல்லியாக வேண்டும். போன வருஷம் தேரன்று மாமாவின் முன்பல் போனது எப்படி என்பதும், அவருடைய பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் ஏறியது யாரால் என்பதும். ஒரு வருஷமாகச் சொல்லாமல் ஒத்திப்போட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரே பஸ்ஸை விட்டு இறங்காமல் போய்விட்டார்.

மின்சாரத்தில் வேலை பார்க்கிறவருக்கு இருளப்பன் என்று பெயர். வைத்தவர்கள் என்னைவிடக் குறும்புக்காரர்கள். தெருவில் கரண்ட் போனால் நான் மாடியில் நின்று "இருளப்பன் வந்துட்டாரு!" என்று கத்துவேன். அவர் கம்பத்தில் ஏறிச் சரிசெய்வார். விளக்கு எரிந்ததும் மேலேயிருந்து பதில் வரும்: "இருளப்பன் போயிட்டான் டே!" தெருவே சிரிக்கும். எத்தனை வருஷமாகச் சொன்ன வசனம். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

என் பெயர் ஸ்ரீனிவாசன். தெருவுக்குச் சீனி. அவருக்குச் சர்க்கரை வியாதி. அப்புறம் கேட்க வேண்டுமா? "டாக்டர் சீனி பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு, தள்ளி நில்லுடே" என்பார். ஒரு முறை நான் குழுவில், "இன்று இருளப்பன் தம்பதியரின் திருமண நாள், மாலை ஆறு மணிக்கு அனைவரும் பாயசத்துக்கு வருக" என்று அவர் பெயரில் அழைப்பு விட்டேன். திருமண நாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரு முழுக்கத் தம்ளரோடு போய் நின்றது. அவர் அசரவில்லை. ராக்கு அத்தையை உட்காரவைத்துவிட்டு, தானே ஒரு குண்டா பாயசம் வைத்து எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கு மட்டும் தனித் தம்ளர். ஒரு வாய் குடித்தேன். வெறும் பாலும் சேமியாவும். இனிப்பே இல்லை.

"மாமா, சீனி போடலையே?"

"சீனிக்கு எதுக்குடே சீனி?"

எங்கள் போர் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு போர்முனையில் மட்டும் வெற்றி முழுவதும் எனக்குத்தான். அதைச் சொல்ல முதலில் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செக்‌ஷனில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெருக்காரர்களுக்காக எழுதுகிறேன். அந்தக் கருவி வந்த பெட்டியின் மேல் 'ஸ்ட்ராப் ஹாய்ஸ்ட்' என்று போட்டிருந்தது. இவர்கள் வைத்த பெயர் பட்டை. முரட்டு நைலானில் நெய்த நீளப் பட்டை, அது சுருண்டுகொள்ள ஓர் உருளை, இரண்டு முனையிலும் கொக்கி, ஆட்டுவதற்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான், மோட்டார் கிடையாது. ஒரு கொக்கியைக் கம்பத்தில் மாட்டி, மறு கொக்கியில் தொய்ந்த வயரைக் கவ்வவைத்து, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருளும். நாலு ஆள் கயிறு கட்டி இழுக்கிற வயரை ஒற்றை ஆள் கம்பத்தில் நின்றபடி இழுத்துவிடலாம். "பட்டை வந்த பொறவுதான் டே எங்க தோள்பட்டை பொழச்சுது" என்பார். சிலேடையில் என்னோடு போட்டி போட்ட ஒரே லைன்மேன்.

மேலே ஏறுமுன் பட்டையை நுனியிலிருந்து நுனிவரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு உருவிப் பார்ப்பார். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் விரல் நின்றுவிடும். மழையில் நனைந்தால் ராக்கு அத்தையின் சேலைகளுக்கு நடுவே மாடிக் கொடியில் தொங்கவிடுவார். "ஈரப் பட்டையும் வெறுங்கம்பியும் ஒண்ணுதான்" என்று பாண்டி அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் கொடியில் நான் ஒரு நாள் 'புதுச்சேலை, ஒரிஜினல் நைலெக்ஸ்' என்று அட்டை மாட்டியது தனிக்கதை.

உருளையின் பக்கவாட்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் பல்லுக்குப் பல் விழுந்து தாங்குகிற சின்ன இரும்புத் துண்டுக்கு நாக்கு என்று பெயர். நாக்கு பல்லில் உட்காரும்போது 'டக்' என்று கேட்கும். அது உட்கார்ந்த பிறகுதான் கையைத் தளர்த்தலாம். உட்காராமல் விட்டால் வயரின் இழுப்பில் கைப்பிடி திருப்பிக்கொண்டு வந்து அடிக்கும். அதனால் ஒவ்வொரு 'டக்'குக்கும் மாமா மேலேயிருந்து "உக்காந்துச்சு" என்பார். கீழே பாண்டி அண்ணன் "உக்காந்துச்சு" என்று திருப்பிச் சொல்வார். எங்கள் ஊர்த் தியேட்டரில்கூட அத்தனை பேர் உட்கார்ந்ததில்லை.

எங்கள் மொட்டைமாடியும் ஏழாம் நம்பர் கம்பத்தின் உச்சியும் ஏறக்குறைய எதிரும் புதிரும். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவர் கைப்பிடியை ஆட்டி, நாக்கு உட்காரப்போகிற சமயத்தில், என் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்கு. டக்! மாமா தலையைச் சாய்ப்பார். "ஏலே பாண்டி, ரெண்டு தரம் உக்காந்த மாதிரி இருக்கு?" பாண்டி அண்ணன் அண்ணாந்து பார்ப்பார். மாமா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு பல்சக்கரத்துக்குள் குனிந்து பார்ப்பார். தொட்டிக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு உருள்வேன். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். மொத்தம் பதினோரு தடவை. செக்‌ஷனிலேயே கூர்மையான காதை, வெறும் நாக்கை வைத்துப் பதினோரு தடவை ஏமாற்றியவன் நான் ஒருவன்தான். இரண்டு நாக்கு உள்ளவன் என்று யாராவது என்னைத் திட்டினால், இரண்டாவது நாக்கு இரும்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

நடுவில் ஒரு நாள் மாமா எங்கள் அம்மாவிடம், "மதினி, ஒங்க தொட்டிக்குப் பின்னால பெரிய பல்லி ஒண்ணு கெடக்கு போல" என்றார். அம்மா ரோஷத்தோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பல்லி எதுவும் இல்லை. நான் அதைப் பற்றி அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை.

போன வருஷம் தேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுகிற தெருவில் எங்கள் சொந்த அத்தை வீடு. தேர் நாளில் குறுக்கே போகிற வயர்களைக் கரண்டை நிறுத்திவிட்டுக் காலையிலேயே கழற்றி இறக்குவார்கள். தேர் கடந்த பிறகு மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். மாமாவும் பாண்டி அண்ணனும் வந்திருந்தார்கள். அத்தை வீட்டு வாசலில் மோர் குடித்துக்கொண்டே மாமா சொன்னார்: "ஊரு வடம் பிடிக்குது. நாங்க பட்டை பிடிக்கோம். ரெண்டும் ஆண்டாளுக்குத்தான்."

தேர் போய்விட்டது. கூட்டம் அதன் பின்னாலேயே நகர்ந்துவிட்டது. தெருவில் நசுங்கிய துளசியும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் கிடந்தன. அத்தை வீட்டுக்கு எதிரே கடைசி வயர். நான் மேல்மாடியில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். மாமா நான் மாடியில் இருப்பதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். ராஜபாளையத்துத் தொட்டி இல்லாத இடத்தில் ஒரு சொடுக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்தது.

கைப்பிடி வந்தது. நான் சொடுக்கினேன்.

"உக்காந்துச்சு" என்ற குரல் வரவில்லை. அதற்குப் பதில் வேறொரு சத்தம் வந்தது. இரும்பு எலும்பில் படுகிற சத்தம். திரையை விலக்கிப் பார்த்தபோது கைப்பிடி நின்றிருந்தது, நாக்கு அடுத்த பல்லில் விழுந்து வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது, இடுப்பு பெல்ட்டில் மாமா சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் சிவப்பாக இருந்தது.

இறக்கிக் கம்பத்தடியில் உட்காரவைத்தார்கள். அப்பா வேலை பார்க்கிற பேண்டேஜ் மில்லிலிருந்து அத்தைக்குக் கொண்டுவந்த துணிச்சுருள் வீட்டில் இருந்தது. அத்தை அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாமா உள்ளங்கையில் எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறையத் துணியோடு, "பாண்டி, பல்சக்கரத்துல ஒரு பல்லு கூடிருச்சு டே" என்றார். பிறகு நிமிர்ந்து அத்தை வீட்டு மாடியைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாக்கு உட்கார்ந்ததைப் பார்க்காமல் கையைத் தளர்த்தியது தன் தவறு என்று அவரே எழுதிக் கொடுத்தார். அவருடைய வேலைக்காலம் முழுவதிலும் வராத மெமோ அன்று வந்தது. அதில் ஒரே ஒரு சொல்தான் காரணமாக இருந்தது: கவனக்குறைவு. டீக்கடையில் "இருளப்பனுக்குக் காது போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அவர் பக்கத்தில் நின்று கேட்டபடியே டீ குடித்தார். "காது இருக்கு. பல்லுதான் போச்சு" என்றார். ராக்கு அத்தை அவருக்கு முறுக்கை உரலில் இடித்துக் கொடுத்தாள். ஓட்டைப் பல் வழியாகக் காற்று போய் என் பெயர் "ஸ்ஸீனி" என்று விசிலோடு வந்தது. கூப்பிடும்போதெல்லாம் அவர் வாயைப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

மறுவாரம் பாண்டி அண்ணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பால்கோவா. தேர் வேலைக்கு வந்தவர்களுக்கு யாரோ வாங்கித் தந்ததாம்.

"பல்லு இருக்கவன் தின்னட்டும்னு குடுத்து விட்டாவ டே."

தின்றேன். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? ஒரு வருஷம் இந்தக் கேள்வியோடு அவரைப் பார்த்தேன். நான்கு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். சிரித்துவிட்டுத் திரும்பிவருவேன். நாக்குச் சொடுக்குவதை அன்றோடு விட்டுவிட்டேன். அவர் ஏழாம் நம்பர் கம்பத்தில் ஏறினால் நான் இன்னும் தொட்டிக்குப் பின்னால்தான் இருப்பேன், ஆனால் மூச்சுக்கூட விடாமல். அவர் கைப்பிடியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்துவார். தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு அடுத்த ஆட்டு. சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு அந்தச் சத்தம் போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் பின்சக்கரம் டக் டக் என்கிறது. மின்விசிறியைத் திருகினால் டக். நிஜப் பல்லி ஒன்று சமையலறைச் சுவரில் சொன்னால் திரும்பிப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் தெருவில் கரண்ட் போய்ச் செத்த நேரத்தில் வந்தது. யாரும் எதுவும் கத்தவில்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று, கம்பத்தை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் மாடியில் வயரின் நிழல் விழும். அவர் கடைசியாக இழுத்துக் கட்டியது. அந்த நிழல் இன்னும் தொய்யவில்லை, கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் துணி காயப்போட்டேன்.

ஆறாம் நாள், பட்டப்பகலில், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டக் என்று கேட்டது. மறுபடி டக். மனப்பிரமை என்று சோற்றைப் பிசைந்தேன். மூன்றாவது டக்குக்குப் பிறகு ஒரு குரல் வந்தது: "உக்காந்துச்சு."

எச்சில் கையோடு மாடிக்கு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கடைசிப் படியில் ஏறினேன். திறந்தபோது ஏழாம் நம்பர் கம்பத்தில் ஆள் நின்றது. மாமாவின் ஹெல்மெட். மாமாவின் பட்டை. அதில் மட்டும் புத்தம்புது மஞ்சள் நைலான் நாடா. பஸ்ஸில் அவர் மடியிலிருந்த பையில் இருந்தது அதுதான். பழைய நாடாவில் நூல் பிரிந்துவிட்டது என்று மாற்றுவதற்காக வாங்கிவந்தது.

ஆள் திரும்பியது. பாண்டி அண்ணன்.

"யாருடே அது, பல்லியா?"

"என்னண்ணே சொன்னீய?"

"பல்லின்னேன். அவிய ஒனக்கு வச்ச பேரு."

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டாவ டே. 'பாண்டி, இரும்பு நாக்குக்கு எச்சி ஊறாது. இது ஈரச் சத்தம். தொட்டிக்குப் பின்னால பல்லி சொல்லுது. நீ தெரியாத மாதிரி இரு'ன்னாவ."

"அப்போ கண்ணாடியத் தூக்கித் தூக்கிப் பாத்தது?"

"நடிப்பு. நான் அண்ணாந்து பாத்ததும் நடிப்பு. ஒன்னால எனக்குக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம்."

பாண்டி அண்ணனுக்கு நடிக்கத் தெரியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளவும்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "தேரன்னைக்கு?"

அவர் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் தெரியும். சத்தம் கேட்டதும் 'ஏலே, பல்லி இங்கயும் வந்துருச்சு டே'ன்னு என்னப் பாத்துச் சிரிச்சாவ. சிரிச்சிட்டே ஒங்க அத்த வீட்டு மாடியில ஒன்னத் தேடுனாவ. கை தானாத் தளந்துருச்சு."

"அப்போ என்னாலதான்."

"ஒன்னாலதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒன் சத்தத்த நம்பி இல்ல. அதத் தெரிஞ்சுக்கோ." பிறகு கொஞ்சம் கோபத்தோடு கேட்டார்: "அதுக்குப் பொறவு ஏண்டே நிறுத்துன? ஒவ்வொரு தடவ ஏறும்போதும் தொட்டிப் பக்கம் பாத்துப் பாத்து நிப்பாவ. எம்புட்டு நேரம் காத்திருப்பாவ தெரியுமா? கீழ எறங்குனதும் 'பாண்டி, பல்லி செத்துப்போச்சா டே'ன்னு கேப்பாவ."

சந்தேகப் பார்வை என்று நான் ஒரு வருஷம் பயந்தது இதற்குத்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தடி தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ஒரு தடவ சொல்லுடே. அவிய பட்டை கேக்கட்டும்" என்றார் பாண்டி அண்ணன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினேன். வாய் காய்ந்து கிடந்தது. 'ப்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது. ஓட்டைப் பல்லில் வருகிற மாதிரி.

பாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. "உக்காரல" என்றார்.

செக்‌ஷன் நண்பர்களுக்கு: அந்த மெமோவில் எழுதியிருக்கிற சொல் தவறு. அதை யாரும் இனி மாற்றப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருளப்பன் மாமாவுக்கு அன்று கவனம் குறையவில்லை. முழுக் கவனமும் இருந்தது. கம்பத்தில் இல்லாமல், மாடித் திரைக்குப் பின்னால் நின்ற ஒரு பயல் பக்கம் இருந்தது. டீக்கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்: அவருடைய காது கடைசிவரை சரியாகத்தான் இருந்தது. ஈர நாக்கையும் இரும்பு நாக்கையும் பிரித்துக் கேட்ட காது அது.

ராக்கு அத்தைக்கு: நீங்கள் முறுக்கை இடித்தது என்னால். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை வந்திருக்கிறேன். இனிமேல் உள்ளேயும் வருவேன், துடைப்பத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பெயரை. பல்லி. என்னிடம் ஒரு முறைகூட அவர் அதைச் சொன்னதில்லை. சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று பயந்திருக்கிறார். பல்லியால் பல் போன பிறகும் சொல்லவில்லை. பாண்டி அண்ணனிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், இனி அது எனக்குத்தான்.

கடைசியாக ஒரு திருத்தம். பதினோரு தடவை ஏமாற்றினேன் என்று மேலே மார்தட்டியிருக்கிறேன். அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை, நீங்களே அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோரு தடவையும் ஏமாந்தவன் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தான். என் சத்தத்தை நிஜம் என்று நம்பியவர் உலகத்திலேயே ஒரே ஓர் ஆள்தான், எங்கள் அம்மா. நேற்றுச் சாயங்காலம் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சொடுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். பல்லியை விரட்டுகிறேன் என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.